எங்கள் டே கேரில் ஓடிய சிப்பாய் படம்

முதியோர் டே கேரில் ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர் வேலை என்பது, வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து முடித்துவிட்டு அக்கடா என்று உட்கார்ந்தவர்களைப் பிடித்து இழுத்து மறுபடியும் வேலை கொடுக்கிற வேலை.

காலையில் நாற்காலி யோகா, பதினொரு மணிக்கு பிங்கோ, நடுவில் காகிதத்தில் பூ செய்வது என்று ஓடிக்கொண்டிருக்கும் சக தொழிலாளிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இதற்குப் படித்தவன் இல்லை. இருபத்திரண்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஒரு நாள் கம்பெனியில் கூப்பிட்டு, இனிமேல் தப்பையெல்லாம் மெஷினே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில் ரெஸ்யூமேயைத் தூக்கிக்கொண்டு அலையாத இடமில்லை. கடைசியில் நியூ ஜெர்சியில், ஐசலின் பக்கம், ஓக் ட்ரீ ரோடிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் இருக்கும் இந்த டே கேரில், தமிழ் ஹாலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பிள்ளையை ஒரு டே கேரிலும் அப்பாவை இன்னொரு டே கேரிலும் இறக்கிவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. பிள்ளைகள் டே கேரில் யாராவது அழுதால் உடனே அம்மாவுக்கு போன் போகும். எங்கள் டே கேரில் அழுதால் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு படத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் காமெடி. படத்தைப் பற்றி என்று சொன்னாலும், உண்மையில் வேலாயுதம் அங்கிளைப் பற்றி.

அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர், வயது எழுபத்தாறு. இங்கே மகன் வீட்டில் இருக்கிறார். அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி கலிபோர்னியாவில், டப்ளினில், மகள் வீட்டில் இருக்கிறார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதனால் அம்மா அங்கே வேண்டும். மகனுடைய இரண்டு பிள்ளைகளை ஸ்கூல் பஸ் ஏற்றி இறக்க வேண்டும், அதனால் அப்பா இங்கே வேண்டும். மகனும் மகளும் தங்கமான பிள்ளைகள். சொத்தைப் பிரித்துக்கொள்கிற மாதிரி ஆளுக்கு ஒருத்தராக, சண்டை சச்சரவில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். நாற்பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து ஐந்து மாதமாகியிருந்தது. ஹாலில் எந்தப் பேச்சு ஓடினாலும் வேலாயுதம் அங்கிளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவளை எப்போது பார்ப்பது என்பது.

கைத்தடி உயர்ந்த மதியம்

முன்பெல்லாம் புதன்கிழமை மதியம் தமிழ்ப் படம்தான். நான் சேர்ந்த இரண்டாவது புதன்கிழமையே அதற்கு மங்களம் பாடிவிட்டார்கள். அன்று ஒரு பழைய படம் போட்டேன். ஹீரோ உயிரை விடுகிற சீன். அந்த ஹீரோவின் பரம ரசிகரான ஒரு அங்கிள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ராமசாமி அங்கிள், எண்பத்தொரு வயது, எதிர்க்கட்சி ஹீரோவின் ரசிகர். அவர் சும்மா இருந்திருக்கலாம். களுக்கென்று சிரித்துவிட்டார். அழுதவர் கைத்தடியை ஓங்கினார், சிரித்தவரும் ஓங்கினார். இரண்டு பேருக்குமே யாராவது தூக்கிவிட்டால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியும். ஆகவே சண்டை முழுவதும் உட்கார்ந்தபடியே நடந்தது.

எங்கள் டைரக்டர் டோனா ஓடி வந்தாள். நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கக்காரி, நல்ல மனுஷி, ஆனால் எதற்கும் ஒரு ஃபார்ம் வைத்திருப்பாள். யாருக்காகச் சண்டை என்று கேட்டாள். இரண்டு நடிகர்களுக்காக என்றேன். அந்த நடிகர்களைப் பேச வைத்துச் சமாதானம் பண்ணலாமா என்றாள். இரண்டு பேருமே காலமாகி ரொம்ப வருஷமாச்சு என்றேன். அப்படியானால் யார் பெரியவர் என்பதில் இப்போது என்ன இருக்கிறது என்று அவள் நியாயமாகத்தான் கேட்டாள். ராமசாமி அங்கிள் அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் டோனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அதைக் கேக்க இந்தம்மா யாரு? எங்க தலைவர் படம் ஒண்ணாவது பார்த்திருக்கா இந்தம்மா?"

முகம் தெரியாத கல்யாணம்

அன்றோடு தமிழ்ப் படத்துக்குத் தடை. ரசிகர் மன்றமே இல்லாத படமாகப் போடச் சொல்லி, டோனா தன் அலமாரியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்துக் கொடுத்தாள். உரிமை எல்லாம் காலாவதியாகிவிட்ட படம், யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்றாள். அலமாரியில் அந்த ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஹாலில் இன்று வரை யாருக்கும் அதன் பெயர் தெரியாது, சிப்பாய் படம் என்றால்தான் தெரியும்.

கதை சின்னது. கப்பல் ஏறி யுத்தத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு சிப்பாய்க்கு நாலு நாள் லீவு. ரயிலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான், மறுநாள் காலையில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். யுத்த காலம், ஊரில் எங்கேயும் ரூம் கிடையாது. பெண்ணுடைய அத்தை வீட்டில் ஏற்கனவே ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமான இரண்டு பேரும் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே யாராவது இருப்பார்கள். இதுதான் காமெடி. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்கம் சொல்வேன்.

முதல் நாள் டோனாவும் உட்கார்ந்து பார்த்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸில், பெண்ணின் முழுப் பெயர் என்ன என்று கேட்டதும் மாப்பிள்ளை திருதிருவென்று முழிப்பான். டோனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. சரி, விளக்கம் போதவில்லை என்று நினைத்து, இவனுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாது, நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தான், இன்றைக்குக் கல்யாணம் என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் இருந்த லலிதா ஆன்ட்டி பரிதாபமாக என்னைப் பார்த்தார்: "நேத்தே பார்த்துட்டானே தம்பி. நான் எங்க வீட்டுக்காரரைத் தாலி கட்டும்போதுதான் பார்த்தேன். இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு

காமெடிப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை என்றால் அது ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டரின் குற்றம். டெஸ்டிங்கில் இருந்தவன் ஆயிற்றே, அடுத்த வாரம் எந்த இடத்தில் யார் முகம் எப்படி மாறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். சிப்பாய் வழுக்கி விழுந்தான், பாவம் என்றார்கள். அத்தைக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், பார்க்கத்தானே செய்வார்கள் என்றார்கள்.

அப்புறம் ஒரு சீன் வந்தது. படத்தில் அது பெரிய சீனே இல்லை. யுத்தம் என்பதால் சர்க்கரைக்கு ரேஷன். அத்தைக்காரி சர்க்கரை டப்பாவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்குக் காபி கொடுக்கும்போது டப்பாவைத் திறந்து, ஸ்பூனில் எடுத்து, அவன் முகத்தைப் பார்த்து, பாதியைத் திரும்பக் கொட்டிவிட்டுப் பூட்டுவாள். ஹால் அதிர்ந்தது. ராமசாமி அங்கிளுக்குப் புரையேறிவிட்டது, நர்ஸ் வந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. அதே சீனை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார்கள். புழுத்த அரிசி, மண்ணெண்ணெய் க்யூ, கார்டில் பெயர் நீக்கம் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு மீதிப் படமே ஓடவில்லை. லலிதா ஆன்ட்டி மட்டும் என்னிடம் கேட்டார்: "இந்த ஊர்லயும் ரேஷன் க்யூல நின்னிருக்காங்களா? என் பையன் இதெல்லாம் சொல்லவே இல்லயே."

நான் வெட்டிய முத்தம்

இங்கே என் தப்பு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் டிவியில் முத்தக் காட்சி வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். யாராவது ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், ஒருவருக்கு ரிமோட்டின் ஞாபகம் வரும். அந்த வளர்ப்பு எனக்கும் உண்டு. பெரியவர்கள் முன்னால் எப்படி என்று, படத்தில் அந்த இடம் வந்தால் ரிமோட்டால் ஓட்டிவிடுவேன். படம் முழுக்க அந்த இரண்டு பேரும் முத்தம் கொடுக்கப் பக்கத்தில் வருவார்கள், யாராவது வந்து கெடுப்பார்கள். கடைசியில் ரயில் கிளம்புகிற நேரத்தில், ஸ்டேஷன் கூட்டத்துக்கு நடுவில், யார் பார்த்தால் என்ன என்று ஒரு முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். மொத்தப் படத்திலும் அந்த ஒன்றுதான். அதைத்தான் நான் ஓட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் இப்படியே போயிற்று. எங்கள் ஹாலைப் பொறுத்தவரை அந்தச் சிப்பாய் நாலு நாள் லீவில் வந்து, மனைவியோடு ஒரு நிமிஷம்கூடச் சேர்ந்து இருக்காமல், வெறுங்கையோடு யுத்தத்துக்குப் போனான். ஒரு புதன்கிழமை படம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு வேலாயுதம் அங்கிள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் அவர்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவே இல்லையா, அப்படியா கதையை முடித்தார்கள் என்று கேட்டார். கேட்ட விதத்தில், அது படத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிடைத்தது, நான்தான் ஓட்டிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "எழுவத்தாறு வயசுல அதைப் பார்த்து நாங்க கெட்டுப் போயிருவமுன்னு பயந்துட்டீங்களாக்கும் தம்பி?"

கலிபோர்னியா சீலிங்

அடுத்த வாரத்திலிருந்து முத்தத்தோடு போட்டேன். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்கள், பெண்கள் எல்லாரும் பைக்குள் எதையோ தேடினார்கள். உலகம் அழிந்துவிடவில்லை.

தினமும் பதினொன்றரை மணிக்கு வேலாயுதம் அங்கிள் போனை எடுத்துக்கொண்டு காரிடாருக்குப் போய்விடுவார். கலிபோர்னியாவில் அப்போது காலை எட்டரை. மகள் ஆபீஸ் காலில் உட்கார்ந்திருப்பாள், ஆன்ட்டி கையில் குழந்தை. வீடியோ கால்தான். ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு போனை எப்படிப் பிடிப்பது? தலையணையில் சாய்த்து வைப்பார். அது சரிந்து மல்லாந்துவிடும். இங்கே ஸ்கிரீனில் வெள்ளைக் கூரையும் ஒரு ஸ்மோக் டிடெக்டரும் தெரியும். சில நாள் குழந்தையின் கால் தெரியும். மாத்திரை போட்டீங்களா என்று ஆன்ட்டியின் குரல் வரும். நீ சாப்பிட்டியா என்று இவர் கேட்பார். குழந்தை அழும். அவ்வளவுதான், கட்.

ஒரு நாள் அவர் போனை வைத்துவிட்டு வரும்போது, ஆன்ட்டி எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அவ எப்படி இருக்கான்னு தெரியலீங்க. அந்த ஊட்டு சீலிங் நல்லா இருக்குது."

மனைவி இருக்கிற இடம்

இங்கே இருக்கும் பேரனின் பிறந்தநாளுக்கு ஆன்ட்டி வருவதாக முடிவானது. சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கி வியாழக்கிழமை காலை ஃபிளைட்டில் திரும்ப வேண்டும். அந்த வாரம் முழுக்க வேலாயுதம் அங்கிள் பிங்கோவில் ஜெயித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சிப்பாய்க்கும் நாலு நாள், எனக்கும் நாலு நாள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

திங்கள்கிழமை வந்தாரே ஒரு முகத்தோடு, அதைப் பார்க்க முடியவில்லை. பிறந்தநாளுக்கு டெக்ஸாஸிலிருந்து சம்பந்திகளும் வந்திருக்கிறார்கள். கெஸ்ட் ரூம் அவர்களுக்கு. ஆன்ட்டியைப் பேத்தி விடாமல் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இவருக்கு ஹாலில் சோபா. ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி, நாற்பது பேர். அது முடிந்ததும் ஆன்ட்டி அடுப்படியில் நுழைந்தவர்தான். மருமகள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், ஃப்ரீஸரில் வைக்கச் சப்பாத்தி போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் ஒத்தாசைக்குச் சம்பந்தியம்மா. சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க, பெண்டாட்டி பக்கத்தில் போய் எப்படி உட்காருவது, ஊரில் சிரிப்பாய்ச் சிரிக்க மாட்டார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்கே என் மாமனார் வீட்டில் அந்தக் கூச்சம் உண்டு.

எங்கள் டே கேரில் கெஸ்ட் டே என்று ஒன்று உண்டு. உறுப்பினர் ஒருவர், ஒரு நாள், ஒரு விருந்தாளியை அழைத்து வரலாம். புதன்கிழமை ஆன்ட்டியை அழைத்து வாருங்கள், இருட்டில் பக்கத்தில் உட்காரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றேன். ஃபார்மை எடுத்துக்கொண்டு டோனாவிடம் போனேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவள் குழம்பிப்போய், அங்கிளுடைய பழைய ஃபைலை எடுத்தாள். மகன் அவசரத்தில் நிரப்பிய ஃபார்ம். டோனா சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "இவருக்கு மனைவி இருக்காங்களா? மனைவி பேர் எழுதுற இடத்துல கலிபோர்னியான்னுதான் எழுதியிருக்கு."

இரண்டாவது ஆட்டம்

புதன்கிழமை ஆன்ட்டி வந்தார். சின்ன உருவம், நூல் புடவை, மேலே மகளுடைய கம்பளிச் சட்டை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. உள்ளே கால் வைத்ததும் லலிதா ஆன்ட்டி கோஷ்டி அப்படியே சுற்றிக்கொண்டது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், குழந்தைக்கு இன்னும் வசம்பு தருகிறீர்களா, டாக்டர் திட்ட மாட்டாரா என்று கேள்விக்கு மேல் கேள்வி. வேலாயுதம் அங்கிள் ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டிலும் பெண்கள் மேஜை வேறு, ஆண்கள் மேஜை வேறு. நான் போட்ட விதி இல்லை, அவர்களாகப் பிரிந்துகொண்டது. நாலாவது நாளும் இப்படியே போய்விடும்போல இருந்தது.

பன்னிரண்டரைக்குத் திரையை இறக்கினேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், இரண்டு நாற்காலி தனியாகப் போட்டு வைத்திருந்தேன். விளக்கை அணைத்த பிறகு இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, தற்செயலாக வந்தவர்கள் மாதிரி அங்கே போய் உட்கார்ந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டேன். படம் ஒன்றேகால் மணி நேரம்தான். முடிந்தால் விளக்கைப் போட வேண்டும், விளக்கைப் போட்டால் லலிதா ஆன்ட்டி கோஷ்டி, இரண்டரைக்கு வேன், அத்தோடு சரி. ஐந்து மாதக் கதையை ஒன்றேகால் மணி நேரத்தில் எப்படிப் பேசி முடிப்பார்கள்? அதனால் படத்தை இழுத்தேன். அமெரிக்க ரயில்வே பற்றிப் பேசினேன். சிப்பாய் பூட்ஸ் பற்றிப் பேசினேன். சர்க்கரை சீனை ஐந்து தடவை போட்டேன். எப்படி இழுத்தும் இரண்டு மணிக்கெல்லாம் ரயில் கிளம்பிவிட்டது, முத்தமும் கொடுத்தாகிவிட்டது.

விளக்கு ஸ்விட்சில் கை வைத்தேன். முன்வரிசையில் ராமசாமி அங்கிள் கைத்தடியால் தரையைத் தட்டினார். பதினாலு வாரமாக அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டே பார்த்தவர், எந்த வசனம் எப்போது வரும் என்று எனக்கு முன்னால் சொல்பவர். ஒரு தரம் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "முதல்லேர்ந்து போடுங்க. எனக்குக் கதையே புரியல."

மூணரை மணி பஸ்

இரண்டே காலுக்கு டோனா வந்தாள். வேன் ரெடி, ஏன் இன்னும் இருட்டு என்று கேட்டாள். நான் கடைசி வரிசைப் பக்கம் கையைக் காட்டினேன். பார்த்தாள். அதற்கு அவளிடம் ஃபார்ம் இல்லை. டிரைவரிடம் போய், ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பஸ் ஞாபகம் வந்தது. மூன்றரைக்கு வேலாயுதம் அங்கிள் வீட்டு முனையில் ஸ்கூல் பஸ் வந்து நிற்கும். பெரியவர்கள் யாராவது நிற்காவிட்டால் பிள்ளைகளை இறக்கிவிட மாட்டார்கள், திரும்ப ஸ்கூலுக்கே கொண்டுபோய்விடுவார்கள். அங்கிளை எழுப்பி அனுப்பினால் இவ்வளவு பாடும் வீண். வெளியே போய் மகனுக்கு போன் போட்டேன். எடுத்ததும் பதறிவிட்டார், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று. ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கு மட்டும் பஸ்ஸுக்கு நீங்கள் போக முடியுமா என்றேன். மூன்று மணிக்கு மேலே முக்கியமான மீட்டிங் என்றார். மீட்டிங் எனக்குத் தெரியும் சார், இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், நான் இல்லாமலும் எல்லா மீட்டிங்கும் நடந்தது, இப்போதும் நடக்கிறது என்று கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து படம் பார்க்கிறார்கள், நாளைக் காலை அம்மா கிளம்பிவிடுவார் இல்லையா என்றேன். அந்தப் பக்கம் லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், சரி, நான் போய்க்கொள்கிறேன் என்றார். வைப்பதற்கு முன்னால், ஒரு மாதிரி குரலில் ஒரு சந்தேகம் கேட்டார்: "ஆனா அம்மாவுக்கு இங்கிலீஷ் படமே புரியாதே சார்?"

கடைசி வரிசை

மூன்றே காலுக்கு இரண்டாவது ஆட்டமும் முடிந்தது. இதற்கு மேல் இழுத்தால் வேன் டிரைவர் என்னை அடிப்பார். முன்பக்க விளக்கை மட்டும் போட்டேன். ஒவ்வொருவராக எழுந்து, ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேனுக்குப் போனார்கள். லலிதா ஆன்ட்டிகூடத் திரும்பவில்லை, அதைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. நான் தூணைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.

வேலாயுதம் அங்கிள் ஆன்ட்டியின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, லேசான குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடி ஆன்ட்டியின் கையில் இருந்தது. எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டேன். முதல் ஆட்டத்தில் கல்யாணம் நடப்பதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிப்பாய் பூட்ஸைப் பற்றியெல்லாம் பேசித் தொண்டை வற்றியவன் நான். வேனை நிறுத்தி, மகனை மீட்டிங்கிலிருந்து கிளப்பி, எண்பத்தொரு வயது மனுஷரைப் பொய் சொல்ல வைத்து, எல்லாம் எதற்கு? இந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கவா? போகட்டும், மிச்சம் இருக்கிற ஐந்து நிமிஷமாவது பேசட்டும் என்று அவர் தோளைத் தொடக் குனிந்தேன்.

ஆன்ட்டி கண்ணாடி இருந்த கையால் என் கையைத் தடுத்தார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்ததில் அந்தப் பக்கத் தோள் மரத்துப்போயிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என் ஹாலில் அதுவரை யார் முகத்திலும் வரவழைத்ததில்லை. குரலைத் தணித்துச் சொன்னார்: "எழுப்பாதீங்க தம்பி. பேச்சு தெனமும் போன்ல கேக்கறதுதானுங்க. இவரு தூங்கறதைப் பார்த்துத்தான் அஞ்சு மாசமாச்சு."

நான் போய் முன்பக்க விளக்கையும் அணைத்துவிட்டு வந்தேன்.

அன்றைய ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டில் வேலாயுதம் அங்கிள் பெயருக்கு எதிரே, 'நிகழ்ச்சியில் கலந்துகொள்ளவில்லை, தூங்கிவிட்டார்' என்றுதான் நான் எழுத வேண்டியிருந்தது. இந்த வேலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது.